ஈற்றைக் காட்டில் விழுந்த அடி

அந்த பங்களாவைக் கட்டியதே கொல்வதற்காகத்தான். மன்னராட்சிக் காலத்தில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர், மலையுச்சிக்குச் சற்றுக் கீழே, காட்டுமாடுகள் மேய வரும் புல்வெளிக்கு நேர் எதிரே அதைக் கட்டினார். வராந்தா நாற்காலியில் சாய்ந்தபடி, தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சுடலாம். அப்படிச் சுட்டுமிருக்கிறார்கள். நடுக்கூடத்துச் சுவரில் காட்டுமாட்டுத் தலைகள் கண்ணாடிக் கண்களோடு இன்னும் தொங்குகின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு புலித்தோல் இருக்கிறது. செத்த மிருகத்தின் மேல் ஒரு காலை ஊன்றி நிற்கும் ஆண்களின் புகைப்படங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. துப்பாக்கிகளைச் சாத்தி வைக்கும் மரச்சட்டமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதில் இப்போது நடைக்கழிகளை வைத்திருக்கிறோம்.

இப்போது ஓர் அறக்கட்டளை அதை நடத்துகிறது. வார இறுதிகளில் பொதுமக்கள் வந்து தங்கி, காட்டைப் பற்றித் தெரிந்துகொண்டு போகலாம். பறவை பார்ப்பது, கால்தடம் பார்ப்பது, மரங்களின் பெயர் படிப்பது, ஓடையோரம் ஒரு நடை. விலங்கியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள்தான் பொறுப்பாளர். எல்லோருக்கும் அவர் டீச்சர். சுவரில் இருக்கும் தலைகளைக் கழற்றிவிடலாம் என்று அறக்கட்டளைக்காரர்கள் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "இந்த வீட்டில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டுத்தான் காட்டுக்குள் போகவேண்டும்" என்றார்.

நான் கரமனைக்காரி. வேலை கழக்கூட்டத்தில், மென்பொருள் கம்பெனியில். ஐந்து நாள் ஏசி அறையில் மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் வேலை. ஆறாம் நாள் விடிந்ததும் அடிவாரத்து விதுரை வழியாக மலை ஏறிவிடுவேன். டீச்சரிடம் வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு நடப்பேன். கூட்டத்தின் முன்னால் வனக் காவலர் போவார், கடைசியில் நான். யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அந்தத் தம்பதி வந்தது கோடை தொடங்கிய நேரம். ஓடையில் தண்ணீர் குறையவில்லை. ஆனால் புல்வெளி காய்ந்து மஞ்சளாகிவிட்டது. அவருக்கு நாற்பது வயதிருக்கும். கழக்கூட்டத்தில் வேறொரு கம்பெனியில் மேனேஜர். நல்ல உயரம், நன்றாகப் பேசுவார், எல்லோரிடமும் கை குலுக்கினார். அவள் மார்த்தாண்டத்துப் பக்கம். சர்ச்சில் பாட்டுக் குழுவில் இருந்தவளாம். அதுகூட அவர் சொல்லித்தான் தெரிந்தது. அவளிடம் எதைக் கேட்டாலும் பதில் அவர் வாயிலிருந்துதான் வரும். "சாப்பாடு காரமா இருக்கா?" என்று சமையற்கார அண்ணன் அவளைக் கேட்டார். "அவளுக்கு காரம் பிடிக்கும்" என்றார் இவர்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் நீள மேசையில் உட்கார்ந்தோம். அவளுக்கு எதிரே, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். மேலே தொங்கும் காட்டுமாட்டுத் தலையைக் காட்டி, "இது என் பழைய ஆபீசர் மாதிரியே முறைக்குது" என்றார். அவள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அடக்க முடியாத சிரிப்பு. நானும் சிரித்தேன். மேசைக்குக் கீழே என்ன நடந்தது என்று தெரியவில்லை. அவள் சிரிப்பு பாதியில் அறுந்தது. இடது கையை மெல்ல மேலே எடுத்து மேசை மேல் வைத்துக்கொண்டாள். முழங்கைக்குக் கீழே சதையில் இரண்டு நகங்களின் தடம் பதிந்து வெளுத்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சிவந்தது. அதற்கு மேலே, பழைய தடங்கள். சில பச்சை, சில மஞ்சள்.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் வெளியே போனார்கள். நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு பின்பக்கம் வரும்போது படிக்கட்டில் அந்தச் சத்தம் கேட்டது. கை கன்னத்தில் விழும் சத்தம். சினிமாவில் கேட்பதுபோல இருக்காது. ஈரத் துணியைக் கல்லில் ஒரு தடவை அடித்தால் எப்படியோ அப்படி. அவள் தலை கைப்பிடிச் சுவரில் மோதியது. விழவில்லை. விழாமல் நிற்பது பழகிப்போன உடம்பு அது.

டீச்சர் மாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். நேரே நடந்து வந்தார். அவர் அந்த மனிதரின் மார்பளவுதான் இருப்பார்.

"இவிடெ கை ஓங்கக் கூடாது" என்றார். தமிழர்களிடம் பேசும்போது அவர் மலையாளமும் தமிழும் இப்படிக் கலந்துதான் பேசுவார்.

"மேடம், இது எங்க ஃபேமிலி விஷயம்."

"இது என்டெ முற்றம்."

அவர் சிரித்தார். உடனே கை கூப்பினார். "சாரி மேடம். டென்ஷன். இனிமே நடக்காது." அவ்வளவு அழகாக மன்னிப்புக் கேட்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

நான் அவளைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஐஸ் இல்லை. குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்துக் கொடுத்தேன்.

"ஜீப் இருக்கு. இப்பவே கீழே இறக்கி விடறேன். உங்க ஊருக்கு பஸ் ஏத்தி விடறேன்" என்றேன்.

"வேண்டாம்க்கா." துணியைக் கன்னத்தில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தாள். "இப்ப போனா, போனதுக்கும் சேத்து வாங்கணும். அவியளுக்க கோவம் ரெண்டு நாள் இருக்கும். அப்புறம் சரியாயிரும்."

"சரியாயிடும்னா?"

"அடுத்தது வரது வரைக்கும்."

போலீஸ், மகளிர் ஆணையம், வக்கீல் என்று மனத்தில் வந்த எதையும் சொல்லத் தோன்றவில்லை. அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வெளியே போனாள்.

மறுநாள் காலை ஓடை நடை. புறப்படுமுன் டீச்சர் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துக் கரடியைப் பற்றிச் சொன்னார். யானைக்கு எல்லோரும் பயப்படுவார்கள், கரடியை யாரும் நினைப்பதில்லை. கரையான் புற்றைத் தோண்டும்போது கரடி தலையை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். நாம் வருவது அதற்குக் கேட்காது. பக்கத்தில் போய்விட்டால் அது ஓடாது, பயத்தில் முகத்தை நோக்கித்தான் பாயும். அதனால் கூட்டமாக நடக்கவேண்டும், ஓடைச் சத்தம் இருக்கும் இடத்தில் கை தட்டிக்கொண்டே போகவேண்டும். மரச்சட்டத்திலிருந்து ஆளுக்கு ஒரு கழியை எடுத்துக் கொடுத்தேன். மேனேஜர் கழி வேண்டாம் என்றார். "நான் என்ன கிழவனா?" அவள் வாங்கிக்கொண்டாள்.

பாதி வழிவரை எல்லாம் சரியாகவே போயிற்று. ரயில்வேப் பெரியவர் எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டினார். வழுக்குப் பாறை ஒன்றில் அவள் கால் இடறியபோது கையை நீட்டி மேலே ஏற்றிவிட்டவரும் அவர்தான். சாதாரணமாக யாரும் செய்யும் காரியம். அவள் "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள்.

கணவர் அதைப் பார்த்தார். கூட்டம் முன்னால் நகரும்வரை நின்றார். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பாதையை விட்டு, ஓடைப் பக்கம் இறங்கும் ஒற்றையடித் தடத்தில் அவளை இழுத்துக்கொண்டு போனார். இரண்டு பக்கமும் ஈற்றைக் காடு. ஈற்றை என்றால் நாணல்போல மெலிந்த மூங்கில். கூடையும் முறமும் பின்ன அதைத்தான் வெட்டுவார்கள். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, உள்ளே போனவரை உடனே மறைத்துவிடும்.

"சார், அங்க போகாதீங்க!" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. விசிலை ஊதிவிட்டு நானும் உள்ளே இறங்கினேன். தண்ணீர்ச் சத்தத்தில் என் விசில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

நான் அவர்களைக் கண்டபோது அவர் அவளை ஒரு பாறையில் சாய்த்து, கழுத்தைப் பிடித்திருந்தார். அவர் கத்தவில்லை. காதருகே வாயை வைத்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கழி கீழே கிடந்தது. அவருக்குப் பின்னால் ஈற்றைகள் அசைந்தன. காற்று என்றே நினைத்தேன்.

முதலில் வந்தது குட்டி. கறுப்பாக, நாய்க்குட்டி அளவில் ஒன்று தடத்தைக் குறுக்கே கடந்து ஓடியது. அடுத்த நொடி தாய். அது ஓடி வந்ததை நான் பார்க்கவே இல்லை. அவர் முதுகின் மேல் அது இருந்ததைத்தான் பார்த்தேன். கரடி உறுமும் என்று நினைத்திருந்தேன். அது அலறியது. குழந்தையும் இயந்திரமும் சேர்ந்து கத்துவது போன்ற ஒரு சத்தம். அவரைப் புரட்டிப் போட்டு முகத்தைத் தேடியது. நகம் ஒரு தடவை இறங்கியது. நெற்றியிலிருந்து தாடைவரை தோல், உரித்த பழத்தோல்போல மடங்கித் தொங்கியது. அவர் கையை உயர்த்தினார். அது கையைக் கடித்து உதறியது.

நான் என்ன செய்தேன் என்றால், கை தட்டினேன். பயிற்சியில் சொன்னதை உடம்பு தானாகச் செய்தது. அசையாமல் நின்ற இடத்திலேயே நின்று, கச்சேரிக்கு வந்தவள்போல் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் கழியை எடுத்தாள். ஓடிப்போய்க் கரடியின் மூக்கில் அடித்தாள். அது தலையைத் தூக்கியதும் மறுபடியும் அடித்தாள். இரண்டு கைகளாலும் கழியைப் பிடித்து, உரலில் உலக்கையைத் தூக்கிப் போடுவதுபோல. ஒரு அடி கண்ணோரம் விழுந்தது. கரடி பின்வாங்கி எழுந்து நின்றது. அவளைவிட உயரம். அவள் அதன் முகத்தைப் பார்த்து ஒரு கூச்சல் போட்டாள். வார்த்தையில்லாத கூச்சல். எங்கோ குட்டி கத்தியது. கரடி நாலு காலில் இறங்கி, ஈற்றைகளை முறித்துக்கொண்டு போய்விட்டது.

அவள் நிறுத்தவில்லை.

கழி மறுபடி உயர்ந்தது. இந்தத் தடவை அவர் தோளில் இறங்கியது. அடுத்தது கையில், கடிபடாத கையில். எலும்பு ஒடிந்த சத்தம் ஓடைச் சத்தத்துக்கு மேலே தெளிவாகக் கேட்டது. அவர் அவளைப் பார்த்தார். ரத்தம் வழியாத ஒரு கண்ணால் அவளைத்தான் பார்த்தார். "வேண்டாம்" என்றார். அவள் அடித்தாள். முகத்தில் கோபம் இல்லை. கட்டிலைத் தூக்கி வைக்கும்போது ஒருவருக்கு எப்படி மூச்சு வாங்குமோ அப்படி வாங்கிக்கொண்டு, ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் என் கால்கள் நகர்ந்தன. பின்னாலிருந்து அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்தேன். முழங்கை பின்னால் வந்து என் வாயில் இடித்தது. முன்பல் ஒன்று நாக்கில் வந்து விழுந்தது. நான் விடவில்லை. இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். அவள் திமிறினாள், பிறகு ஒரேயடியாக அடங்கிப்போனாள். தன் துப்பட்டாவை உருவி, தவழ்ந்து போய், தொங்கிக்கிடந்த தோலைத் தூக்கி அவர் முகத்தில் வைத்து, அதன் மேல் துப்பட்டாவை மடித்து இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

காவலரும் மற்றவர்களும் வந்தபோது அப்படித்தான் இருந்தாள்.

ஒரு போர்வையில் அவரைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தோம். ஜீப்பில் டீச்சர் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். வளைவுகளில் வண்டி சாயும்போதெல்லாம் அவர் அலறினார். அவள் முன் சீட்டில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பிக்கொண்டே வந்தேன்.

அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர். எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "வலது கை கடிபட்டது, புரியுது. இடது கை வேற மாதிரி இருக்கே. தடியால அடிச்ச ஒடிவு மாதிரி."

நான் அவளைப் பார்த்தேன். அவள் டாக்டரைப் பார்த்தாள்.

"நான்தான் அடிச்சேன்" என்றாள்.

"ஓ, கரடியை விரட்டும்போது பட்டிருக்கும்" என்று டாக்டர் தலையாட்டினார்.

"முதல்ல கரடியை" என்றாள்.

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். டாக்டர் ஓடிவிட்டார்.

இரண்டு நாளில் செய்தி வந்தது. கணவனைக் காப்பாற்றக் கரடியோடு மோதிய வீர மனைவி. மலையாளப் பத்திரிகையில் அவள் படத்தோடு போட்டிருந்தார்கள். கழக்கூட்டத்து ஃப்ளாட் சங்கத்தினர் பொன்னாடை போர்த்த ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். அவள் கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். அவர்கள் போன பிறகுதான் வெளியே வந்தாள். வீட்டில் என் அம்மா பத்திரிகையைப் படித்துவிட்டு என் வாயைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு சமத்து. நீ என்னத்துக்குடி பல்ல உடைச்சுண்டு வந்து நிக்கறே? இனிமே அந்தக் காட்டுக்குப் போகப்படாது." கரடி தட்டியது என்று அம்மாவாகவே நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

ஒரு வாரம் கழித்து நானும் டீச்சரும் பார்க்கப் போனோம். அவர் முகத்தில் பாதி கட்டுக்குள். ஒரு கண் போய்விட்டது. இரண்டு கைகளும் மாவுக்கட்டில். அவள் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை அவள் கை உயரும்போதும் அவர் கழுத்து கொஞ்சம் பின்னால் போனது. அவளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் ஊட்டினாள்.

அவளும் டீச்சரும் மருந்து வாங்கப் போனார்கள். அறையில் நானும் அவரும் மட்டும்.

"நீங்க பாத்தீங்கல்ல?" என்றார். உதடு தைக்கப்பட்டிருந்தது. வார்த்தைகள் குழறின.

"பார்த்தேன்."

"கொல்லப் பாத்தா. நான் போலீஸ்ல சொல்லப்போறேன். நீங்க சாட்சி."

"சொல்லுங்க. நானும் வந்து சொல்றேன். பாறையில சாய்ச்சு நீங்க கழுத்தைப் பிடிச்சதுலேர்ந்து ஆரம்பிக்கணும். அதுக்கு முன்னாடி படிக்கட்டுல. அதுக்கு முன்னாடி சாப்பாட்டு மேசையில. எல்லாத்தையும் வரிசையா சொல்றேன்."

அவருக்குக் கை அசைக்க முடிந்திருந்தால் ஓங்கி அறைந்திருப்பார் என்று தோன்றியது. எனக்கு வேறொன்றும் தோன்றியது. அந்த மாவுக்கட்டின் மேல் என் கையை வைத்து ஒரு தடவை அழுத்தினால் எப்படி இருக்கும் என்று. கை கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்தது. கையை எடுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டேன். இதுவரை ஒரு பல்லியைக்கூட விளக்குமாற்றால் அடித்ததில்லை நான்.

அவர் இருந்த கண்ணை மூடிக்கொண்டார். போலீஸுக்குப் போகவில்லை. வனத்துறை ஆட்கள் வந்து கேட்டபோது, எல்லாம் கரடிதான் என்று அவரே சொன்னாராம். பெண்டாட்டி கையால் அடிபட்டேன் என்று சொல்ல வாய் வந்திருக்காது.

மாவுக்கட்டுப் பிரித்து, அவர் தானே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ளும் வரைக்கும் அவள் அந்த ஃப்ளாட்டில் இருந்தாள். போட்டுக்கொண்ட அன்றைக்கு, மதியத்துக்குச் சமைத்து மூடி வைத்துவிட்டு, மார்த்தாண்டத்தில் அவள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் தேடிக்கொண்டு போகவில்லை. வக்கீல் மூலம் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். இதெல்லாம் டீச்சருக்கு அவள் போனில் சொன்னது.

அடுத்த கோடையில் அவள் தனியாக வந்தாள். மற்றவர்களைப்போலவே பதிவு செய்துகொண்டு, ஒரு தோள்பையோடு ஜீப்பிலிருந்து இறங்கினாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். நேரே என்னிடம் வந்து என் வாயைப் பார்த்தாள்.

"அது நான் இடிச்சதுதான, அக்கா?"

"கட்டின பல்லு. முன்ன இருந்ததைவிட வரிசையா இருக்குன்னு எல்லாரும் சொல்றா."

அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

காலை நடையில் அவள் என்னோடு கடைசியில் வந்தாள். ஓடைத் தடம் பிரியும் இடத்துக்கு வந்ததும் நின்றாள். வனத்துறை அங்கே வேலி கட்டி மூடிவிட்டது. ஈற்றைகள் மறுபடி தழைத்து வளர்ந்திருந்தன. அவள் வேலியோரம் குனிந்து வாந்தியெடுத்தாள். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, மற்றவர்கள் தூரத்தில் போனபிறகு பேசினாள்.

"நீங்க பிடிக்காம விட்டிருந்தா கொன்னிருப்பேன். தெரியும்லா?"

"தெரியும்."

"அது எனக்கு பயம் இல்ல. ராத்திரி முழிச்சுக் கெடந்து யோசிச்சுப் பாத்தேன். அவியள அடிச்சதுக்கு எனக்கு ஒரு வருத்தமும் வரல்ல. வரணும்னு ஜெபம் பண்ணியும் பாத்தேன், வரல்ல. அந்தக் கரடிய அடிச்சதுக்குத்தான். அது அதுக்க குட்டிக்கு வந்துது. கண்ணுல பட்டுதுல்லா, அந்த அடி? குருடாயிருக்குமா?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். சில நாள் கழித்துத் தாயும் குட்டியும் சேர்ந்து போன தடத்தை எதிர்ச்சரிவில் காவலர் பார்த்ததாக டீச்சர் சொல்லியிருந்தார். அதையும் சொன்னேன். அதே கரடியா என்று யாராலும் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவள் தலையாட்டினாள். பொய்யாக ஆறுதல் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள் என்று நினைக்கிறேன். அழகாக மன்னிப்புக் கேட்கிற ஆளோடு எத்தனையோ வருஷம் இருந்தவள்.

பங்களாவுக்குத் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. கோடை மழை, சடசடவென்று ஓட்டின் மேல் கல் விழுவதுபோல. சமையற்கார அண்ணன் சோறும் மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் வைத்தார். அவள் மூன்றாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு கூடத்து பெஞ்சில் கால் நீட்டிப் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை பெஞ்சுக்கு வெளியே தொங்கியது. திரும்பிப் போகிறவர்கள் எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்கள். ஓட்டுநர் அவளுக்காக ஒரு தடவை ஹாரன் அடித்தார்.

டீச்சர் வராந்தாவுக்குப் போய், சத்தம் போடவேண்டாம் என்று அவருக்குக் கையால் சைகை காட்டினார்.